சத்தமே இல்லாத வீடு

"இன்னிக்கு மட்டும் அந்தச் சனியனைக் காதுல இருந்து எடுத்துடாதே, நெவில்" என்றாள் டோரீன்.

கல்யாணமான நாளிலிருந்து நெவில் மனைவி வாயால் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன ரேடியோ, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். போர் விமானிகள் வானத்தில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. சாப்பாட்டு மேசையிலும் சர்ச்சிலும் அதற்காக அவர் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

அவர்கள் வீடு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஸ்கெல்ட்பி விமானத் தளத்து ஓடுபாதைக்கு நேர் எதிரே. இறங்குகிற விமானத்தின் வயிறு, கூரையை உரசுகிற மாதிரிதான் போகும். நெவிலுக்கு அது சொர்க்கம். மற்றவர்களுக்கு எப்படி என்பதை, வீட்டை விற்பனைக்குப் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டார். பார்க்க வந்த மூன்று பேரும் தேநீரைக்கூட முடிக்காமல் காரில் ஏறிப் பறந்துவிட்டார்கள்.

மகள் தொலைவில் டெவனில் இருக்கிறாள். பிரசவம் நெருங்கிவிட்டது, அதுவும் இரட்டைப் பிள்ளைகள். அவள் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. இது விலை போனால்தான் அதை வாங்க முடியும். பேரப்பிள்ளைகள் என்று வந்த பிறகு நெவிலும் விமானங்களை மறந்துவிடத் துணிந்துவிட்டார்.

திட்டம் டோரீனுடையது. காலையில் கிளம்பும் விமானங்கள் கடல் மேல் சுற்றிவிட்டு மதியம்தான் திரும்பும். நடுவில் கிடைக்கும் அமைதியில் வீட்டைக் காட்டி, ஆளைப் பிடித்துவிட வேண்டும். ஏதாவது ஒன்று முன்னாலேயே திரும்பினால் விமானி தளத்துக்குச் சொல்லுவான், அது நெவில் காதில் விழும். உடனே அவர் மூக்கைச் சொறிய வேண்டும். மீதியை டோரீன் பார்த்துக்கொள்வாள்.

"பொய் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார் நெவில்.

"நீ வாயைத் திறக்காதே, அது போதும். உனக்குக் காதுவலி."

அதனால் நெவில் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

வீடு பார்க்க வருவதாயிருந்த மிஸஸ் ஆஷ்வெல் சொன்ன நேரத்துக்கு வந்தார். சிரித்த முகம், குணமான பேச்சு. அடுப்பங்கரை நன்றாயிருக்கிறது என்றார், ஆப்பிள் மரத்தைத் தட்டிக் கொடுத்தார், விலையைப் பற்றி முணுமுணுக்கவே இல்லை. அடிக்கடி ஜன்னலோரம் நின்று, தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார். அப்போதெல்லாம் டோரீன் அவசர அவசரமாக அடுத்த அறையைக் காட்டினாள்.

"இங்க எப்பவுமே இப்படித்தான் அமைதியா இருக்குமா?"

"ஊசி விழுந்தாக் கேட்கும்" என்றாள் டோரீன் கண் சிமிட்டாமல்.

மிஸஸ் ஆஷ்வெல் "ஓகோ" என்றார். அவ்வளவுதான்.

படுக்கையறைக்கு வந்தபோது நெவில் காதில் ஒரு இளைஞனின் குரல் வந்தது. விமானத்தில் ஏதோ எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிகிறதாம், துணைக்கு ஒரு விமானத்தையும் கூட்டிக்கொண்டு நேராகத் தளத்துக்கு வருகிறானாம். நெவில் மூக்கைச் சொறிந்தார். டோரீன் அலமாரியின் பெருமையை அளந்துகொண்டிருந்தாள். மறுபடி சொறிந்தார். மூக்கு சிவந்த பிறகுதான் அவள் பார்த்தாள்.

"வாங்க, முதல்ல நிலவறையைப் பார்த்துடலாம்."

முழங்கால் வலிக்கிறது, கடைசியில் பார்க்கலாம் என்றார் மிஸஸ் ஆஷ்வெல். டோரீன் விடவில்லை. கையைப் பிடித்து இறக்கியே விட்டாள். நெவில் ஓடிப்போய் வாஷிங் மெஷினைப் போட்டார், தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் போட்டார், இரண்டும் போதாதென்று தோன்றியதால் டிவியையும் அலற விட்டார். விமானங்கள் இரண்டும் கூரைக்கு மேல் போயின. இந்தச் சத்தத்துக்காக மழையிலும் பனியிலும் தோட்டத்தில் காத்துக் கிடந்தவர், இன்று தன் கையாலேயே அதை அமுக்கினார். மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த விமானிப் பையன் பத்திரமாக இறங்கியதைக் கேட்டபோது சந்தோஷமாகவும் இருந்தது.

நிலவறையில் ஜாம் பாட்டில்கள் ஏன் ஆடுகின்றன என்று மிஸஸ் ஆஷ்வெல் கேட்பது படி வழியாகக் கேட்டது. பழைய வாஷிங் மெஷின், துணி பிழியும்போது கொஞ்சம் குதிக்கும் என்று டோரீன் சமாளித்தாள்.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். காதில் மற்ற விமானிகளும் வீடு திரும்பும் பேச்சை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான், அதற்குள் இவர் சரியென்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் தேவலை என்று நெவில் தவித்தார்.

மிஸஸ் ஆஷ்வெல் கார் கதவைத் திறந்துகொண்டு பெருமூச்சு விட்டார். "வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா எனக்குச் சரிப்படாதும்மா."

டோரீனின் முகம் விழுந்துவிட்டது. விலையில் வேண்டுமானால் கொஞ்சம் பார்த்துச் செய்யலாம் என்றாள்.

"விலை ஒண்ணும் இல்லை. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போறார். லீவு விட்டாப் போதும், மழையோ வெயிலோ, ஒரு ரேடியோவைத் தூக்கிக்கிட்டு விமானத் தள வேலியோரம் போய் நின்னுடுவார். இந்த வீட்டைப் பார்த்துட்டு ஓடிப்போன ஒருத்தி, தலைக்கு மேலேயே விமானம் போகுதுன்னு என்கிட்ட வந்து திட்டித் தீர்த்தா. அவருக்குச் சொல்லாம இதை வாங்கிட்டா மனுஷன் இனிமேலாவது வீட்டோட கிடப்பார்னு ஆசை ஆசையா வந்தேன். எதிர்லயே தளம் இருந்து என்ன, இங்க ஒரு கொசுகூடப் பறக்கலையே."

நெவில் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு வயரை ஒரே இழுப்பாக ரேடியோவிலிருந்து பிடுங்கினார். ஓடுபாதை கேட்டு வந்துகொண்டிருந்த நாலு விமானிகளின் குரலும் வாசல் முழுக்க ஒலித்தது.