ஞாயிற்றுக்கிழமைப் பாதை

"யாரும் வேகமா போகாதீங்க. ரேஸ் இல்ல லா இது," என்றார் எங்கள் சைக்கிள் குழுவை ஆரம்பித்த கமலநாதன் அண்ணே.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஜார்ஜ்டவுனிலிருந்து கடல் பாலம் தாண்டி நிபோங் திபால் வரை சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு வருவதே கல் பாதையில் பறக்கத்தான். இவரோ ஞாயிறுதோறும் செம்பனைத் தோட்டத்து நல்ல பாதையை விட்டுவிட்டு, ஆற்றங்கரைச் சேற்றோரமாகவே எங்களைக் கூட்டிப்போவார்.

"போன வாரமும் இதே பாதைதானே அண்ணே?"

"போன வாரம் தண்ணி ஏறியிருந்துச்சு தம்பி. இன்னிக்கு இறங்கியிருக்கு. கரையைப் பாத்துக்கிட்டே வாங்க."

"அப்படி என்ன இருக்கு பாக்க, கொக்கா?" என்று பின்னால் வந்த ஷர்மினி சிரித்தாள்.

வளைவு தாண்டியதும் அவளே பிரேக் போட்டாள். நிப்பாப் பனை மட்டைகளுக்கிடையே சிக்கியிருந்த சப்பாத்து ஒன்றைக் குச்சியால் தூக்கிக் காட்டினாள்.

"ஒத்தச் சப்பாத்து! யாருக்கு வேணும்?"

எல்லாரும் சிரித்தோம். அண்ணே சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

"எந்தக் காலும்மா?"

"இடது, அண்ணே."

அதை வாங்கிச் சட்டையாலேயே துடைத்தார். நீலப் பட்டை ஒன்று தெரிந்தது.

"வலது வீட்டுல இருக்கு," என்றார். "போன தீபாவளிக்கு மறுநாள் என் மவன் இந்தப் பக்கந்தான் சைக்கிள் ஓட்ட வந்தான். திரும்பி வரல. தேட வந்தவங்க அந்த வலது சப்பாத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து, ஒரு வாரம் பாத்துட்டுப் போயிட்டாங்க. நான் ஒருத்தன் எவ்வளவு கரையைப் பாக்க முடியும்? அதான் உங்களையெல்லாம் சேத்தேன்."

சப்பாத்தை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு அவர் சைக்கிளை நிமிர்த்தினார்.

"வாங்க. இன்னும் கரை இருக்கு."

நாங்கள் மெதுவாகப் போனோம், கரையைப் பார்த்துக்கொண்டே.