ரக்ஷிதாவின் தோட்டா

ரக்ஷிதா இரண்டு வருஷம் உழைத்து உருவாக்கிய சின்னத் தோட்டாவை, வேண்டாம் என்று எழுதிவிட்டார் சற்குணம். அந்தக் காஞ்சன்பாக் ராணுவ ஆயுதச் சோதனைக்கூடத்தில் நிஜச் சண்டையைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவர் சொன்னால் எடுபடும்.

கேன்டீனில் வழக்கம்போலத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“என்ன சார் குறை கண்டீங்க?”

“பெரிய தோட்டா பட்டா ஆள் அங்கேயே முடிஞ்சான். உங்களுது காயத்தோட விட்டுடுது.”

“அதுக்குத்தானே சார் பண்ணினேன்! செத்தவனை விட்டுட்டுப் போயிடுவாங்க. காயம்பட்டவனைத் தூக்க ரெண்டு பேர் வருவாங்க. ஒரே தோட்டாவுல எதிரிக்கு மூணு ஆள் குறையும்.”

“நக்கோ, வேண்டாம் மேடம். கொல்றதே இருக்கட்டும்.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அப்படி என்ன சார் ரத்தவெறி? காயம்பட்டவன் பொழைச்சு வீட்டுக்காவது போவான்ல?”

“ஹவ், ஆமா, நான் போனேன்.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

“என்னைத் தூக்க ரெண்டு பேர் வந்தாங்க மேடம். ஒருத்தன் என் தலைமாட்டுல விழுந்தான், இன்னொருத்தன் கால்மாட்டுல. விடியற வரைக்கும் ரெண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே கிடந்தேன்.”