நாற்பத்தொன்றாவது நிபந்தனை

அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் அறுபத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். 'கிளவுடுக்கு மாறுதல்: பயன்பாட்டு வரம்புகளும் முன்னெச்சரிக்கைகளும்' என்ற சுற்றறிக்கை, மொத்தம் நாற்பத்திரண்டு நிபந்தனைகளோடு, அறுபத்து மூன்று பேருக்கும் வந்தது. அறுபத்திரண்டு பேர் 'படித்தேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கண்காணிப்பாளர் ஒருவர்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிஜமாகவே படிக்க உட்கார்ந்தார்.

இருபது வருஷத்து ஃபைல்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய சர்வரில் கிடந்தன. அத்தனையையும் கிளவுடில் ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை சர்வரைச் சுத்தமாகத் துடைத்துப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவதாக ஏற்பாடு.

ஏற்றிக் கொடுக்க வந்திருந்த பெண் பூரித்துப் போனாள்.

"பதினோரு ஆபீஸ் பாத்துட்டேன் சார். இதைப் படிச்ச மொத ஆளு நீங்கதான்."

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்கேம்மா."

பொறுப்பு இருக்கத்தான் செய்தது. போன மாதம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் விழுந்து, உள்ளே இருந்த டீச்சருக்கு இரண்டு காலும் முறிந்துபோனது. பழி, அந்த லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் தலையில் விடிந்தது. அவனை சஸ்பெண்ட் செய்து, திங்கட்கிழமை விசாரணை வைத்திருந்தார்கள். தப்பு அவனுடையது என்று முடிவானால் ஜெயில்தான். மெக்கானிக் வேறு யாருமில்லை, கண்காணிப்பாளரின் கூடப்பிறந்த தங்கை புருஷன்.

அன்று காலையும் வந்து மேஜைக்கு முன்னால் நின்றான். நாலு நாள் தாடி.

"மச்சான், கயிறு நைஞ்சு போச்சு, ஒடனே மாத்தணும்னு போட்டோவோட மூணு தடவை எழுதிக் குடுத்தேனே. அது கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

"இருக்கும் மாப்ள. எங்க போயிடப் போகுது?"

"அது கெடைச்சாத்தான் நான் தப்பிப்பேன். உங்க தங்கச்சி ஒரு வாரமா ஒழுங்கா சாப்புடறதே இல்ல."

"நான் எதுக்கு இருக்கேன்? போயி அவளுக்கு தைரியம் சொல்லு."

அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். கண்காணிப்பாளருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று கடிதத்திலும் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். தங்கை பட்டினி கிடப்பதை நினைத்தால் வயிறு எரிந்தது. தான் கம்பி எண்ணுவதை நினைத்தால் தங்கையே மறந்து போனாள்.

கடிதங்கள் இருக்கும் ஃபோல்டரை அழிக்கலாமென்றால், அழித்தவர் பெயரும் நேரமும் பதிவாகிவிடும். யாரும் கைவைக்காமல் அது தானாகத் தொலைய வேண்டும். பழியை மெஷின் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு படிப்பு.

நாற்பத்தொன்றாவது நிபந்தனையில் அகப்பட்டது: 'பெயர் இருநூறு எழுத்துகளைத் தாண்டும் ஃபோல்டர்கள் இடம்பெயரா.'

சுற்றறிக்கையை மடித்து டிராயரில் போட்டார்.

நீளமான பெயர்களைச் சுருக்கச் சொல்லி அந்தப் பெண் கேட்டிருந்ததால் அந்த வாரம் எல்லோருக்கும் அனுமதி தந்திருந்தார்கள்; பெயரை யார் மாற்றினார் என்பது மட்டும் பதிவாகாது. ஆளாளுக்கு வெட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தபோது இவர் ஒருவர் மட்டும் நீட்டினார். வெறுமனே 'அஅஅஅ' என்று அடித்து வைத்தால் பார்க்கிறவர் கண்ணை உறுத்தும். ஆபீஸ் பாஷையில் இருந்தால் ஒருத்தரும் நாலு வார்த்தைக்கு மேல் தாண்ட மாட்டார்கள். அதுபோக, இருபத்தெட்டு வருஷ உத்தியோகம். விஷயத்தைச் சொல்லாமல் ஒன்றுக்குத் தலைப்பு வைக்க அவர் விரல் மறுத்தது. 'மேற்படி கட்டடத்தின் மேற்படி லிஃப்டில்' என்று ஆரம்பித்து ஒரு மூச்சு அடித்துவிட்டு, எண்ணிப் பார்த்தார். நூற்றறுபதுதான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு வரி சேர்த்தார். எவன் பார்க்கப் போகிறான்? ஃபோல்டரோடு சேர்ந்து பெயரும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் சிரித்த முகமாக வந்தாள்.

"முடிஞ்சுது சார். எட்டு லட்சத்துப் பதினாறாயிரம் ஃபைல். ஒரே ஒரு ஃபோல்டர்தான் போகல."

"அடடா!" என்று உச்சுக்கொட்டினார். மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த உச்சு. "மெஷின்னா அப்படித்தாம்மா. எட்டு லட்சத்துல ஒண்ணு, விட்டுத் தள்ளு. சர்வரைத் தொடைச்சிடலாம்ல?"

"என்ன சார், எல்லாத்தையும் படிச்ச நீங்களே இப்படிக் கேக்கறீங்க? ஒண்ணு பாக்கி இருந்தாக்கூட பழசுல கைவைக்கக் கூடாதே. அது பத்திரமா அப்படியே இருக்கு. போகாத ஃபோல்டர் பேரு மட்டும் முழுசா எல்லாருக்கும் மெயில்ல தானாப் போயிடும்."

"எல்லாருக்கும்னா?"

"ஆபீஸ்ல இருக்கற அத்தனை பேருக்கும் சார். விசாரணை ஆபீசரையும் இந்த வாரம் லிஸ்ட்ல சேத்திருக்காங்க. இப்பத்தான் போச்சு."

"அப்படின்னு எங்கம்மா போட்டிருக்கு?"

"நாப்பத்திரண்டுல சார்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையாக மெயில் வந்த மணிச் சத்தம் கேட்டது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, வந்த ஒரு மெயிலை அத்தனை பேரும் கடைசி எழுத்து வரை படித்துக்கொண்டிருந்தார்கள்:

'மேற்படி கட்டடத்தின் மேற்படி லிஃப்டில் மேற்படி இரும்புக் கயிறு நைந்துள்ளது குறித்தும், அதனை உடனே மாற்ற வேண்டியது குறித்தும், மேற்படி மெக்கானிக் விபத்துக்கு முன்னரே மூன்று முறை புகைப்படங்களுடன் அளித்த எச்சரிக்கைக் கடிதங்கள், கண்காணிப்பாளராகிய என்னால் தேவையில்லை எனக் கையொப்பமிட்டு முடித்து வைக்கப்பட்டவை, விசாரணைக்கு அனுப்ப வேண்டியதில்லை.'