ஆறு பொத்தான்

"உங்க பொண்ணுக்காகக் காலையில ரெண்டு நிமிஷம் ஒதுக்க முடியாதாம்மா?"

ஒன்றாம் வகுப்பு டீச்சர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ஆனாலும் கேள்வியில் சூடு இருந்தது.

சிட்டுவின் அம்மா வகுப்பறை வாசலிலேயே நின்றாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு டீச்சர்?"

"மூணு வாரமா சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வர்றா. ஒரு பக்கம் ஏறியிருக்கு, ஒரு பக்கம் இறங்கியிருக்கு. பிள்ளைங்க பார்த்துச் சிரிக்குதுங்க."

"அவளே போட்டுக்கணும்னு அவதான் எழுதியிருக்கா. எழுதச் சொன்னது நீங்கதானே?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. உண்மைதான். 'இந்தப் பருவத்தில் நான் கற்றுக்கொள்ளப் போவது' என்று ஆளுக்கொரு அட்டை கொடுத்து, "நீங்களே யோசிச்சு எழுதுங்க" என்று சொன்னவள் அவள்தான். மற்ற பிள்ளைகள் நீச்சல், சைக்கிள் என்று எழுதின. சிட்டு மட்டும் 'சட்டை பொத்தான் ஆறும் நானே போடணும்' என்று எழுதினாள். "கொஞ்சம் பெருசா யோசியேன்" என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சிட்டு மசியவில்லை.

"அதுக்காக, தப்பாப் போட்டா சரிபண்ணி விடக்கூடவா கூடாது?"

அம்மா கைப்பையை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

"நான் கை வைக்க மாட்டேன் டீச்சர்."

"சரி, அட்டையிலயாவது ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"அவங்க அப்பா வந்து போடுவார்."

விடுவிடுவென்று போய்விட்டாள். பெற்றவளுக்கு இத்தனை அலட்சியமா என்று டீச்சருக்கு மனசே ஆறவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் சிட்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பொத்தானைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். சிட்டு சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானே, டீச்சர்."

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது பொத்தானோடு சின்ன விரல்கள் மல்லுக்கட்டின. வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.

"இதெல்லாம் அடுத்த வருஷம் தானா வந்துடும் கண்ணு. உனக்குத்தான் படம் வரைய அவ்வளவு பிடிக்குமே. அதை எழுதலாமா?"

"அடுத்த வருஷம் வேணாம். இப்பவே வரணும்."

"அப்படி என்ன அவசரம்?"

சிட்டு பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாவுக்கு விரல் மடங்க மாட்டேங்குது. எனக்குப் பொத்தான் போடறப்ப ரொம்ப வலிக்கும். முகத்தைத் திருப்பிக்குவாங்க. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அப்பாகிட்ட சொல்லி அழுதாங்க."

டீச்சரின் பார்வை மேஜையில் கிடந்த, கையெழுத்தில்லாத அட்டைக்குப் போனது.

"நீங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். எனக்கு எதுவும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. தெரிஞ்சா நான் அழுவேனாம்."