சிலைக்கு மூக்கில்லை

மூன்று வருடம் கழித்துத் தொழிற்சாலைக்கு வந்த முதலாளி, வாசலில் அப்பாவின் பளிங்குச் சிலைக்கு மூக்கே கரைந்திருப்பதைக் கண்டு குதித்தார்.

"எவனோ ஆசிட் ஊத்தியிருக்கான்! லேப் சாவி உங்கிட்டதானே? மூட்டை தூக்குறவன் மகளுக்கு வேலை குடுத்தா இதான் கதி!"

"லேப்ல ஒரு சொட்டு குறையல சார்," என்றாள் லேப் பொறுப்பிலிருந்த வேதியியல் பட்டதாரி.

"அப்ப யாருன்னு சொல்லு. இல்லேன்னா இன்னியோட உனக்கு வேலை கிடையாது."

அவள் உள்ளே போய் லேப் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினாள். "ஆளோட கையெழுத்தே இருக்கு சார்."

"மாட்டினான்! போலீஸைக் கூப்பிடு!" என்று வாங்கிப் படித்தார்.

'புகையைக் கழுவும் இயந்திரம் தண்டச்செலவு. உடனே நிறுத்தவும்.' கீழே அவருடைய கையெழுத்து.

"கந்தகப் புகை மேல போய் மழையில கலந்தா ஆசிடாத்தான் சார் இறங்கும். மூட்டை தூக்குற எங்கப்பாவுக்கே தெரியும். போலீஸைக் கூப்பிடட்டுமா?"