வைக்கோல் வண்டிப் படம்

ஆவடி குவார்ட்டர்ஸில் உச்சிவெயில். தாட்சாயிணி ஒரு செங்கல்லின் மேல் ஏறி நின்று, புதிதாக வாங்கிய படத்தைக் கூடத்து ஆணியில் மாட்டுகிறாள். ஏதோ வெளிநாட்டு வயல். பொன்னிற வைக்கோல் வண்டி, பூட்டியபடியே நிற்கும் குதிரை, வண்டிக்கடியில் தொப்பியால் முகத்தை மூடித் தூங்கும் உழவன். தூரத்து மலைமேல் கருமேகம் திரண்டு நிற்கிறது. பின்சுவருக்குச் செங்கல் ஏற்றிவந்த வண்டிக்காரர் ஜம்புலிங்கத்தின் மனைவி கன்னியம்மாள், தலைச்சுமையோடு உள்ளே வந்தவள் படத்தின் முன் நின்றுவிடுகிறாள். “இன்னாம்மா இவன், குதுரைய அவுக்காம அடியில படுத்துகினு கீறான். சக்கரத்துக்கு ஒரு கல்லுகூட முட்டுக் குடுக்கல. இடி இடிச்சா அது ஓடாதா?” “படம்தானே” என்கிறாள் தாட்சாயிணி. “எங்க ஊட்டுக்காரும் காய்ச்சலோட இப்போ வண்டிக்கடியிலதான் படுத்துகினு கீறாரு. பூட்டின மாடு வேற புச்சு, இன்னும் பழகல. ஆனா கல்லு வெக்காம படுக்க மாட்டாரு.” தாட்சாயிணி குனிந்து தன் காலடியைப் பார்க்கிறாள். வாசலில் வண்டிச் சக்கரத்தடியில் கிடந்த இந்தச் செங்கல்லை, வண்டியிலிருந்து சிந்தியது என்று நினைத்துத்தான் எடுத்துவந்தாள். அதன் விளிம்பில் சக்கரத்தின் இரும்புப் பட்டை அழுந்திய தடம் இருக்கிறது. வெளியே, சரிவான தெருவில், மாட்டின் கழுத்துமணி ஒருமுறை அசைந்து அடங்குகிறது. தொழிற்சாலையின் பகல் சங்கு ஊதத் தொடங்குகிறது.