தொங்கும் காது

“குட்டி, ஆடாம நில்லு. ஊசி குத்திடும்” என்றார் அப்பா. முயல் வேஷத்துக்கு வாலைத் தைத்து முடித்தவர், காதுகளுக்குள் கம்பியைச் செருகினார்.

“கம்பி எதுக்குப்பா?”

“போன தடவை ஒரு காது தொங்கிப்போய், பார்ட்டியில எல்லாரும் சிரிச்சாங்கன்னு அழுதுக்கிட்டே வந்தியே. இந்தத் தடவை ரெண்டும் ஜம்முன்னு நிக்கும் பாரு.”

“அதையெல்லாமா இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்க?”

அந்தப் போன தடவை குட்டிக்கு ஆறு வயது. இன்று காதோர நரையைத் தள்ளிவிட்டு முயல் தொப்பியை மாட்டிக்கொண்டாள். ‘சின்ன வயசுல நீங்க’ என்பதுதான் அவளுடைய ஆபீஸ் பார்ட்டிக்குத் தலைப்பு. கண்ணாடியைப் பார்த்தவள், ஒரு காதிலிருந்து கம்பியை உருவிப் போட்டாள். காது பொத்தென்று மடங்கியது.

“ஐயையோ! ஏம்மா?”

“ரெண்டு காதும் நின்னா அது கடையில வாங்கின முயல்ப்பா. இதுதான் எங்கப்பா தைச்சது.”